நாடி முப்பத்திரண்டு

கோரிப்பாளையத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் பீமாராவின் அலுவலகம் இருந்தது. ‘தனியார் விசாரணை’ என்று வெளியே பலகை தொங்கியது. பெரும்பாலும் மாப்பிள்ளை குடிப்பாரா, பெண் யாரோடாவது பேசுகிறாளா என்று விசாரிப்பதுதான் வேலை. மதுரையில் கல்யாணம் நடக்கிற வரைக்கும் தன் சோற்றுக்குக் கவலை இல்லை என்று அவரே சொல்லிக்கொள்வார்.

அதற்கு முன் இருபது வருடம் ஒரு தனியார் மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்தவர் அவர். படம் எடுக்கிறவன் படத்தைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். அந்தச் சட்டத்தை ஒரே ஒரு நாள் கூடுதலாக மதித்து, ஒரு நோயாளி வரிசையில் உட்கார்ந்தபடியே செத்துப்போனதைப் பார்த்த பிறகு வேலையை விட்டுவிட்டார். பழக்கம் மட்டும் விடவில்லை. யாருடைய கை அகப்பட்டாலும் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து, முழுசாக ஒரு நிமிடம் நாடியை எண்ணுவார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை சரண்யாதேவி இரண்டிரண்டு படியாக ஏறி வந்தாள். உயர் நீதிமன்றக் கிளையில் ஜூனியர் வக்கீல். கோர்ட்டில் வாய்தா வாங்கிக் கொடுப்பதைத் தவிர வேறு வேலை கிடைக்காத ஆத்திரத்தில், ஓய்ந்த நேரமெல்லாம் பீமாராவோடு துப்பறிய வந்துவிடுவாள்.

“அண்ணே, கொலைக் கேசுண்ணே!” என்றாள், உட்காருவதற்கு முன்பே. பின்னால் ஏறி வந்த பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் அந்த உற்சாகத்தை அவசரமாக விழுங்கிக்கொண்டாள்.

வந்தவளுக்கு இருபத்தெட்டு வயதிருக்கும். பெயர் முத்துமீனா. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

“என் மாமனாருக்கு நான் அரளி விதையை அரைச்சுக் குடுத்துக் கொன்னுட்டேன்னு சொல்றாங்க சார். என் பையனைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. நாலு வயசு. பதினேழு நாளாச்சு, மூஞ்சியக்கூடக் காட்ட மாட்டேங்குறாங்க.”

பீமாராவ் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார். “மெதுவாச் சொல்லும்மா. முதல்ல மாமனார் யாரு?”

அவர் பெயர் காளை. வயது அறுபத்திரண்டு. நகருக்கு மேற்கே, சமணர் மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ஒரு ஊர். அங்கே இரண்டு ஏக்கர் மல்லிகைத் தோட்டம். அவருடைய மகன் சூரியபிரகாஷும் முத்துமீனாவும் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவள் கண்மாய்க்கு அந்தப் பக்கத்துத் தெருக்காரி. அதற்கு மேல் அவள் விளக்கவில்லை. மற்ற இருவரும் கேட்கவும் இல்லை.

“ரெண்டு வருசம் சொந்தக்காரங்க ஒருத்தரும் எங்க வீட்டுல பச்சத் தண்ணி குடிக்கல சார். மாமா மட்டும் முதல் நாளே தட்டை எடுத்து வச்சுக்கிட்டு, ‘மீனா, சோத்தைப் போடு, பசிக்குது’ன்னாரு. அம்புட்டுதான். அதுக்கப்புறம் வேற யாரு சமைச்சாலும் தொட மாட்டாரு.” அவள் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். “அவருக்குப் போயி நான் விசம் வைப்பேனா?”

“அரளிங்கிற பேச்சை முதல்ல எடுத்தது யாரு?”

“டாக்டர்தான்.”

நடந்தது இது. மாசி மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் காலை காளை வீட்டு வாசலில் மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் நாடி முப்பத்தைந்து என்றார்கள். அவர் வருடக்கணக்காகச் சாப்பிட்ட பிபி மாத்திரை நாடியைக் குறைக்கிற வகை என்று சொல்லி நிறுத்தினார்கள். மூன்று நாளில் தெளிந்து வீடு திரும்பினார். பன்னிரண்டாம் நாள் மறுபடி விழுந்தார். மாத்திரை நிறுத்திய பிறகும் ஏன் வந்தது என்று யோசித்த டாக்டர், அரளி விதை ஏதும் சாப்பிட்டாரா என்று குடும்பத்தார் முன்னாலேயே கேட்டார். அந்த வட்டாரத்தில் நாடி இறங்கி ஒருவர் வந்தால் எந்த டாக்டரும் கேட்கிற கேள்விதான் அது. ஆனால் காளையின் மகள் ரோகிணிக்கு அது கேள்வியாகப் படவில்லை, பதிலாகவே பட்டுவிட்டது. நான்கு நாளில் காளை மறுபடியும் தெளிந்தார். வீட்டுக்கு வந்த ஆறாம் நாள் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை.

“ரோகிணி மதினி வண்டியூர்ல கட்டிக் குடுத்தவுக. எங்க வீட்டுக்கு வந்தா பையில தண்ணிப் பாட்டிலோடதான் வருவாக. ஆஸ்பத்திரியில இருந்தா நல்லா இருக்காரு, வீட்டுக்கு வந்தா விழுகுறாரு, அப்ப வீட்டுலதான விசம் இருக்குன்னு ஸ்டேசன்ல எழுதிக் குடுத்துட்டாக. எங்க வீட்டுக்காரரும் வாயைத் தொறக்கல. போஸ்ட்மார்ட்டம் பண்ணி ஈரல் குடலெல்லாம் மெட்ராசுக்கு அனுப்பியிருக்காகளாம். ரிப்போர்ட் வர மாசக்கணக்காகுமாம்.”

“இதுல பாயிண்டு ஒண்ணு இருக்குண்ணே,” என்றாள் சரண்யா. “ஆஸ்பத்திரியில நல்லா இருக்காரு, வீட்டுல விழுகுறாரு. கேக்குறவுகளுக்கு நியாயமாத்தான் படும்.”

“ம்,” என்றார் பீமாராவ். “வாந்தி எடுத்தாராம்மா?”

“வாந்தியா? ஒருதடவை கூட இல்ல சார். கண்ணு முழிச்சதும் பசிக்குதுன்னுதான் சொல்லுவாரு.”

“ஆஸ்பத்திரியில என்ன சாப்பிட்டாரு?”

“நான் கொண்டு போனதுதான். காலையில இட்லி, மத்தியானம் சோறு, ராத்திரிக்குக் கஞ்சி. மூணு வேளையும் பஸ்ஸுல ஏறித் தூக்கிட்டுப் போவேன்.”

சரண்யா நெற்றியில் கை வைத்தாள். “இதை வெளியில சொல்லிராதீங்கக்கா. உங்களுக்கு எதிராத் திருப்பிருவாங்க.”

பீமாராவ் நோட்டில் அதை எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார். “விழுந்த நேரம்?”

“மூணு தடவையும் காலையில ஏழு, ஏழரை இருக்கும். எந்திரிச்சதும் பேயாண்டி மாமா டீக்கடைக்குப் போயிருவாரு. ரெண்டு பேரும் சின்ன வயசுல இருந்தே சேக்காளி. காலையில ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி. வீட்டுலயே டீ போட்டுத் தாரேன் மாமான்னாலும் கேக்க மாட்டாரு. தை மாசத்துல இருந்து மழை பேஞ்சாலும் போவாரு. அங்க விறகடுப்புப் போல, ஒரே புகை. துண்டை வச்சுக் கண்ணைத் தொடச்சுக்கிட்டேதான் திரும்பி வருவாரு.”

“நீ அந்தக் கடைக்குப் போனதில்லையா?”

முத்துமீனா அவரை நிமிர்ந்து பார்த்தாள். “நான் எப்படிப் போவேன் சார்?”

பீமாராவ் தலையாட்டினார். கேட்டிருக்கவே வேண்டாம் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். “வேற ஏதாவது மாறுதல் தெரிஞ்சுச்சா?”

“ரெண்டு மூணு தடவை நிலையில தோளை இடிச்சுக்கிட்டாரு. பைக்க மெதுவா ஓட்டுங்கன்னு சொன்னா சிரிப்பாரு. ரோகிணி மதினி எங்கூட வந்து ஒரு மாசம் இருங்கப்பான்னு எம்புட்டோ கெஞ்சுனாக. மாட்டேன்னுட்டாரு.”

மருத்துவமனைத் தாள்களை அவள் செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். பீமாராவ் இரண்டாம் தடவை எடுத்த இ.சி.ஜி. படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு சரண்யாவிடம் காட்டினார்.

“இந்தச் சின்ன மேடு இதயத்தோட மேல் அறை. நிமிசத்துக்கு எம்பது தடவை ஒழுங்கா அடிக்குது. இந்த உயரமான கோடு கீழ் அறை. முப்பத்திரண்டுதான். ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. மாடியில இருந்து கூப்பிடுற சத்தம் கீழ் வீட்டுக்குக் கேக்கல. கீழ் வீட்டுக்காரன் தன் இஷ்டத்துக்கு வேலை செய்றான்.”

“ஹார்ட் பிளாக்குன்னாங்க சார்,” என்றாள் முத்துமீனா. “ரத்தக்குழாய் அடைப்புத்தானே?”

“அது வேறம்மா. இது இதயத்துக்குள்ள ஓடுற கரண்டு பாதி வழியில நிக்கிறது. நாடியை எண்ணுனாலே பாதி தெரிஞ்சுரும். எண்ணத்தான் ஆள் இல்ல.” அவர் ரத்தப் பரிசோதனைத் தாளைத் தள்ளினார். “பொட்டாசியம் நாலு புள்ளி ரெண்டு. சரியான அளவு.” கடைசித் தாளின் அடியில் இருந்த கையெழுத்தின் மீது அவர் பார்வை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தார். “நாளைக்குக் காலையில நாங்க உங்க ஊர்ல இருப்போம்.”

மறுநாள் ஆறு மணிக்குச் சரண்யாவின் ஸ்கூட்டியில் கிளம்பினார்கள். நாகமலை தாண்டுவதற்குள் சரண்யா கேசை முடித்துவிட்டாள்.

“டீக்கடைதாண்ணே! மூணு தடவையும் கடைக்குப் போயிட்டு வந்த பிறகுதான் விழுந்திருக்காரு. ஆஸ்பத்திரியில அந்த டீ கிடையாது. பேயாண்டி டீயில எதையோ கலந்திருக்கான். சேக்காளின்னா என்ன, சேக்காளிக்குள்ள பகை இருக்கக் கூடாதா?”

“ரோட்டைப் பாத்து ஓட்டு,” என்றார் பீமாராவ்.

பேயாண்டியின் கடை ஊர் முக்கில், தகரக் கூரைக்குக் கீழே இருந்தது. இரண்டு பெஞ்சு, பால் சட்டி, கேஸ் அடுப்பு, மூலையில் ஒரு பழைய ஃப்ரிட்ஜ். பேயாண்டிக்குக் காளையின் வயதுதான். ஆறடி உயரம், பெரிய கைகள், எல்லாரையும் ஏதாவது ஒரு முறை சொல்லிக் கூப்பிடுகிற வாய். பீமாராவ் டீ வாங்கிக் குடித்தார். சரண்யா தன் கிளாஸை மோந்து பார்த்துவிட்டு அப்படியே வைத்திருந்தாள். அதே சட்டியிலிருந்து ஏழெட்டுப் பேர் டீ வாங்கிக் குடித்துவிட்டு, நல்லபடியாக ஏப்பம் விட்டுக் கிளம்பிப் போனார்கள்.

“விறகடுப்பை எப்பய்யா எடுத்தீங்க?” என்று கேட்டார் பீமாராவ்.

“அது ஆச்சுண்ணே நாலு வருசம். புகையில ஒருத்தனும் உக்கார மாட்டேங்குறான்.”

அப்போது ஒச்சாயி என்ற வயதான பெண் வந்து பெஞ்சில் உட்கார்ந்து, முகத்தை மேலே தூக்கிக் காட்டினாள். பேயாண்டி கையைக் கழுவினார். ஃப்ரிட்ஜைத் திறந்தார். கதவுத் தட்டில், முட்டை வைக்கிற குழிகளில், சின்னச் சின்ன மருந்துக் குப்பிகள் ஆறு நின்றன. ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பேர் எழுதியிருந்தது. ஒன்றை எடுத்து, கிழவியின் இமையை விரலால் விரித்து, மூன்று சொட்டு விட்டார்.

“தை மாசம் பள்ளிக்கூடத்துல கண்ணு கேம்ப் போட்டாக,” என்றார், பீமாராவ் பார்ப்பதைக் கவனித்துவிட்டு. “கண்ணுல பிரசராம். குளுகுளுன்னு வைக்கணும்னு சொல்லிக் குடுத்தாக. வீட்டுல ஃப்ரிட்ஜ் இல்லாதவுக என்ன செய்வாக? இங்க வையுங்கன்னேன். வயசானவுக தாங்களா விட்டா கன்னத்துல வழியுது. அதனால நானே விட்டுருறேன்.”

“எத்தனை சொட்டு விடச் சொன்னாங்க?”

“ஒண்ணுன்னுதான் சொன்னாக. நான் மூணு விடுவேன். ரெண்டு வழிஞ்சாலும் ஒண்ணு நிக்கும்ல?”

பீமாராவ் ஒச்சாயியின் மணிக்கட்டைப் பிடித்தார். கடிகார முள் ஒரு சுற்று சுற்றி முடிகிற வரைக்கும் விடவில்லை. “ஆத்தா, தலை சுத்துதா?”

“ஒரு மாசமாச் சுத்துதுய்யா. வயசாச்சுல்ல.”

அவர் சரண்யாவிடம், “நாப்பத்திநாலு. இப்பவே ஆட்டோ பிடிச்சு இவங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. குப்பியும் கூடப் போகணும்,” என்றார். பிறகு ஃப்ரிட்ஜ் பக்கம் திரும்பினார். “காளை குப்பி எதுய்யா?”

பேயாண்டி தயங்கினார். “அது யாருக்கும் தெரியாதே. வீட்டுல சொல்லாதடா மாப்ள, கண்ணு போயிருச்சுன்னா பைக் சாவியப் பிடுங்கிருவான் மகன்னு சொல்லி என்கிட்ட சத்தியம் வாங்குனான். அவன் வீட்டுல ஃப்ரிட்ஜ் இருக்கு. இருந்தும் இங்கதான் வச்சான்.” உள்ளே கையை விட்டு ஒரு குப்பியை எடுத்தார். பிளாஸ்திரியில் காளை என்று கோணல் எழுத்தில் இருந்தது. “தூக்கிப் போட மனசு வரலண்ணே. அவன் பேரு எழுதியிருக்குல்ல.”

பீமாராவ் குப்பியை வெளிச்சத்தில் பிடித்து, அச்சடித்திருந்த மருந்தின் பெயரைப் படித்தார். அவர் முகம் சுருங்கியதைச் சரண்யா கண்டாள்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அதே கடையில் எல்லாரையும் வரச் சொல்லியிருந்தார். சப்இன்ஸ்பெக்டர் உக்கிரபாண்டி வேண்டாவெறுப்பாக வந்து ஒரு பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். சூரியபிரகாஷ் தூணோடு தூணாக நின்றான். ரோகிணி வண்டியூரிலிருந்து ஆட்டோவில் வந்திருந்தாள். முத்துமீனாவின் மகன் தமிழ்மாறன் ரோகிணியின் இடுப்பில் இருந்தான். முத்துமீனா கடைக்கு வெளியே, வெயிலில் நின்றாள்.

“உள்ள வாம்மா,” என்றார் பீமாராவ். பேயாண்டி மட்டும் அவசரமாக ஒரு பெஞ்சைத் துடைத்து விட்டார். ஐந்து வருடத்தில் முதல் முறையாக அவள் அந்தக் கடைக்குள் வந்து உட்கார்ந்தாள்.

“சார், நீங்க யாரு, உங்களுக்கு இதுல என்ன வேலைன்னு எனக்கு இன்னும் புரியல,” என்றார் உக்கிரபாண்டி. “மெட்ராஸ் ரிப்போர்ட் வந்தா தெரிஞ்சுரப் போவுது.”

“வரட்டும் சார். அரளி இருக்காது. அரளி சாப்பிட்டவங்களுக்கு முதல்ல குடல்தான் புரளும். வாந்தி நிக்காது. ரத்தத்துல பொட்டாசியமும் பெரும்பாலும் ஏறும். காளை ஒருதடவையும் வாந்தி எடுக்கல. பொட்டாசியம் சரியா இருந்துச்சு. ஆஸ்பத்திரித் தாள்லயே இருக்கு.”

“ஆஸ்பத்திரியில நல்லா இருந்தாரு!” என்றாள் ரோகிணி. அழுது அழுது கட்டிப்போயிருந்த குரல். “வீட்டுக்கு வந்ததும் விழுந்தாரு. ரெண்டு தடவையும். அதுக்கு என்ன சொல்றீங்க?”

“நல்ல கேள்விம்மா. நானும் அதுல இருந்துதான் ஆரம்பிச்சேன். ஆஸ்பத்திரியில இருந்த ஏழு நாளும் உங்கப்பா யாரு சமைச்சதைச் சாப்பிட்டாரு?”

ரோகிணி குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள்.

“முத்துமீனா சமைச்சதை. மூணு வேளையும். வீட்டுச் சாப்பாடு ஆஸ்பத்திரிக்குப் போச்சு, அதைச் சாப்பிட்டுத்தான் தெளிஞ்சாரு. அப்ப விசம் சாப்பாட்டுல இல்ல. அவர் கூட ஆஸ்பத்திரிக்குப் போகாம ஊர்லயே தங்கிப் போன ஒண்ணுல இருக்கு. அது என்னன்னுதான் தேடணும்.”

சரண்யா ஓரக்கண்ணால் பால் சட்டியைப் பார்த்தாள்.

“டீ இல்ல,” என்றார் பீமாராவ் அவளைப் பார்க்காமலே. “அந்த டீயை ஊரே குடிக்குது. ஆனா காளை டீ குடிச்சிட்டு வரும்போது கண்ணைத் தொடச்சுக்கிட்டு வந்திருக்காரு. விறகடுப்புப் புகைன்னு முத்துமீனா நெனச்சுக்கிச்சு. இங்க நாலு வருசமா கேஸ் அடுப்பு. கடையை உள்ள வந்து பாத்திருந்தா அந்தப் பொண்ணுக்கே தெரிஞ்சிருக்கும். உள்ள வர விட்டாத்தானே? புகை இல்லாத கடையில ஒருத்தருக்குத் தினமும் ரெண்டு வேளை கண்ணு ஏன் நனையணும்? நிலைப்படியில ஏன் இடிக்கணும்? ஊரை விட்டு ஒரு மாசம் மக வீட்டுக்கு வரக்கூட ஏன் முடியாது?”

அவர் சட்டைப் பையிலிருந்து குப்பியை எடுத்து பெஞ்சில் வைத்தார்.

“கண் அழுத்தத்துக்கு உள்ள சொட்டு மருந்து. நல்ல மருந்துதான். ஆனா இதுவும் நாடியைக் குறைக்கிற ஜாதி. முதல் தடவை டாக்டர் நிறுத்துனாரே பிபி மாத்திரை, அதுக்குக் கூடப்பிறந்தது. அறுபது தாண்டினவர், உள்ளே கரண்டு வயர் ஏற்கெனவே கொஞ்சம் தேஞ்சிருக்கும். வாய் வழியா ஒண்ணு, கண் வழியா ஒண்ணு. மாத்திரையை நிறுத்துனாங்க. இதை யாரும் நிறுத்தல, ஏன்னா இது இருக்கிறதே யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில இருந்தா சொட்டு இல்ல, நாடி ஏறுது. ஊருக்கு வந்தா சொட்டு, நாடி இறங்குது.”

“கண்ணுல விடுறது நெஞ்சுக்கு எப்படிண்ணே போகும்?” பேயாண்டியின் குரல் எங்கோ ஆழத்திலிருந்து வந்தது.

“அழுதா மூக்கு ஒழுகுதுல்ல, அதே வழிதான். கண்ணோட உள் ஓரத்துல ஒரு துளை இருக்கு. அது வழியா மூக்குக்கு, அங்க இருந்து நேரா ரத்தத்துக்கு. சொட்டு விட்டதும் அந்த ஓரத்தை விரலால ரெண்டு நிமிசம் அழுத்திப் பிடிச்சா உள்ள போறது குறையும். சொல்லித் தர கேம்ப்புல நேரம் இருந்திருக்காது. பிபிக்கு என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு கேக்கவும் நேரம் இருந்திருக்காது. ஆஸ்பத்திரியில மாத்திரைப் பையைக் கொண்டாந்து கொட்டுன்னாங்க, கொட்டுனாங்க. கண்ணுக்கு ஏதாவது விடுறாரான்னு யாரும் கேக்கல. காளையும் சொல்லல. பைக் சாவி போயிருமேன்னு.”

“நான் மூணு சொட்டு விட்டேனே,” என்றார் பேயாண்டி. “ரெண்டு கண்ணுலயும். ரெண்டு வேளையும். ஒண்ணு போதும்னான் மாப்ள. சும்மா இருடா, உனக்குக் கண்ணு தெரிய வேணாமான்னு நான்தான்...”

அவருடைய பெரிய கைகள் மடியில் கிடந்தன. அவற்றை யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தார். உக்கிரபாண்டி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“நேத்து இதே சொட்டு விட்ட ஒச்சாயி ஆத்தாவுக்கு நாடி நாப்பத்திநாலு,” என்றார் பீமாராவ். “வேற சொட்டுக்கு மாத்தியிருக்காங்க. இன்னைக்குக் காலையில அறுபத்தி ரெண்டு. நீங்க கெட்ட எண்ணத்துல செய்யல பேயாண்டி. இது கொலை இல்ல சார்.”

“அப்ப எங்கப்பா...” என்று ஆரம்பித்த ரோகிணி நிறுத்திக்கொண்டாள். அவள் முகத்தில் ஏதோ மெல்ல நகர்ந்தது. “ரெண்டாவது தடவை பேஸ்மேக்கர் வைக்கணும்னு டாக்டர் சொன்னாரே. அது வச்சிருந்தா?”

பீமாராவ் பதில் சொல்ல விரும்பவில்லை. அது அவர் குனிந்த தலையிலேயே தெரிந்தது. ஆனால் வாயை மூடிக்கொண்டிருந்த இருபது வருடம் அவருக்குப் போதும்.

“பிழைச்சிருப்பாரும்மா. காரணம் தெரியாமலே பிழைச்சிருப்பாரு. மேல இருந்து சத்தம் வராட்டியும் அந்த மெஷின் கீழ் அறையைத் தட்டி எழுப்பிக்கிட்டே இருக்கும். மாத்திரையை நிறுத்தியும் மறுபடி வந்திருக்கு, அதனால மெஷின் வச்சிருவோம்னு டாக்டர் சரியாத்தான் எழுதியிருக்காரு. கீழே, ‘உறவினருக்குச் சம்மதமில்லை’ன்னு ஒரு கையெழுத்து இருக்கு.”

யாருடைய கையெழுத்து என்று அவர் சொல்லவில்லை.

“விசம் வைக்கிறவ வீட்டுல இருக்கும்போது மெஷின் என்னத்தக் கிழிக்கும்னு கேட்டேன்,” என்றாள் ரோகிணி. “முதல்ல அவளைப் பிடிங்க, அப்புறம் பாக்கலாம்னேன். தம்பி, ‘பிடிவாதம் வேணாம்க்கா, மெஷினை வச்சிருவோம்’னான். நான்தான் பேனாவை வாங்கி...” அவள் சூரியபிரகாஷைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அவனுக்கு அந்த ஒரு பழக்கம்தான் இருந்தது.

ரோகிணி குழந்தையை இறக்கிவிட்டு, முத்துமீனாவின் காலைத் தொடக் குனிந்தாள். முத்துமீனா காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

“வேணாம் மதினி,” என்றாள். “என் பிள்ளையக் குடுத்திருங்க. போதும்.”

உக்கிரபாண்டி எழுந்தார். ஆஸ்பத்திரித் தாள்களையும் குப்பியையும் வாங்கிக்கொண்டு, ஃபைலில் எழுதி வைப்பதாகவும், மெட்ராஸ் ரிப்போர்ட் வந்ததும் கேசை முடித்துவிடலாம் என்றும் சொன்னார். அவசரமில்லாத குரலில் சொன்னார். ஊருக்குள் ஒரு பெண்ணின் பெயர் எத்தனை நாள் கெட்டுக் கிடந்தால் என்ன, அவருக்கு ரிப்போர்ட் வேண்டும். பேயாண்டி ஃப்ரிட்ஜின் முன்னால் தரையில் உட்கார்ந்து, துண்டால் கண்ணையும் மூக்கையும் மாற்றி மாற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

முத்துமீனாவின் வீடு வரைக்கும் சரண்யாவும் பீமாராவும் கூடப் போனார்கள். முத்துமீனா பத்தொன்பது நாள் பூட்டிக் கிடந்த சமையலறையைத் திறந்து, அரிசி களைந்து உலை வைத்தாள். சோறு வெந்ததும் தட்டில் போட்டு, நெய்யும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, மகனை எதிரில் உட்கார வைத்தாள். ஓர் உருண்டை எடுத்து நீட்டினாள்.

தமிழ்மாறன் வாயைத் திறக்கவில்லை. உருண்டையைப் பார்த்தான். பிறகு பின்னால் திரும்பி வாசலைப் பார்த்தான்.

“ரோகிணி அத்தை திங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கு,” என்றான். “நீ குடுத்தா செத்துப் போவேனாம்.”

முத்துமீனாவின் கை நீட்டியபடியே நின்றது. சரண்யா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பீமாராவ் எத்தனையோ பேரின் நாடியை எண்ணியவர். அப்போது எதை எண்ணுவதென்று தெரியாமல் நின்றார்.

முத்துமீனா அந்த உருண்டையைத் தன் வாயில் போட்டாள். மெதுவாக மென்றாள். விழுங்கினாள். வாயைத் திறந்து, ஒன்றுமில்லை என்று மகனுக்குக் காட்டினாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் இரண்டாவது உருண்டையையும் தானே தின்றாள்.

மூன்றாவது உருண்டைக்குத்தான் அவன் வாயைத் திறந்தான்.